எண்ணெய் வண்ணத்தின் மேல் இட்ட அக்ரிலிக் கோடுகள் ஏன் உரிகின்றன?

செய்தித்தாள் துண்டுகளைக் கான்வாஸில் ஒட்டி, மேலே எண்ணெய் வண்ணம் தீட்டி, அதன் மேல் அக்ரிலிக் கோடுகள் இட்டு, மூன்று படங்களைப் பாதிவரை கொண்டுவந்திருப்பதாக வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். நான்கே மாதங்களில் கோடுகள் உரிகின்றன, தாள் மஞ்சளாகிறது. வார்னிஷ் பூசினால் எல்லாம் சரியாகிவிடும், இரண்டு வாரத்தில் கண்காட்சிக்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறாராம் முகவர். பூசலாமா என்பது கேள்வி.

பூசக் கூடாது. அக்ரிலிக் தன்னிலுள்ள நீர் வெளியேறியதும் சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். எண்ணெய் வண்ணமோ காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுவது. மேற்பரப்பு காய்ந்ததாகத் தோன்றினாலும் உள்ளே அந்த மாற்றம் மாதக்கணக்கில் நடக்கும். எண்ணெய்ப் பசையுள்ள பரப்பில் அக்ரிலிக்குக்குப் பிடிமானம் கிடையாது. உரியும் கோடு ஒன்றின் ஓரத்தை நகத்தால் நிமிண்டிப் பாருங்கள், நாடாபோல முழுதாகக் கழன்று வரும், அதன் அடியில் கீழ் வண்ணம் சிறிதும் ஒட்டியிருக்காது. ஆகவே நீர் சார்ந்தது கீழே, எண்ணெய் மேலே. இந்த வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள்.

நீரில் கரையும் எண்ணெய் வண்ணம் என்று ஒன்று விற்கிறார்கள். தூரிகையை நீரில் கழுவ முடிகிறது என்பதால் பலர் அதை அக்ரிலிக் போலக் கருதிக் கீழே பூசிவிடுகிறார்கள். நீரோடு கலக்கும்படி மாற்றப்பட்டிருந்தாலும் அதுவும் எண்ணெய்தான், இறுகுவதும் எண்ணெயைப் போலத்தான். அக்ரிலிக்கின் மேல் அதைத் தீட்டலாம், அதன் மேல் அக்ரிலிக்கைத் தீட்டக் கூடாது. குழாயின் முகப்பில் நீர் என்ற சொல்லைப் பார்த்து முடிவு செய்யாமல், பின்புறத்தில் ஆளிவிதை எண்ணெய் போன்ற பெயர் இருக்கிறதா என்று படியுங்கள்.

தாள் மஞ்சளாவது அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருளால். 1912இல் பிக்காசோ ஒட்டிய செய்தித்தாள்களே பழுப்பேறிவிட்டன. எந்தப் பூச்சும் அதை முழுதாகத் தடுக்காது. அடுத்த படத்துக்குச் செய்தித்தாளை அமிலமற்ற தாளில் லேசர் அச்செடுத்து, அக்ரிலிக் ஜெல்லால் ஒட்டுங்கள். நெடுங்காலம் கெடாது என்ற பொருளில் ‘ஆர்கைவல்’ என்று புட்டியில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள், அச்சொல்லை யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம்.

முகவர்களின் அவசரம்தான் என்னை வருந்தச் செய்கிறது. இறுகாத எண்ணெயின் மேல் வார்னிஷ் பூசி விற்கப்பட்ட படமொன்று பழுதுபார்க்க என்னிடம் வந்தது. வார்னிஷ் வெடித்து, வெடிப்புகளில் தூசி புதைந்திருந்தது. வாங்கியவர் விளக்கம் கேட்டது ஓவியரிடம், ஏனெனில் படத்தில் இருந்தது அவர் கையொப்பம். கண்காட்சி விண்ணப்பங்களோ ‘கலப்பு ஊடகம்’ என்ற இரண்டு சொற்களோடு திருப்தியடைகின்றன. எந்த அடுக்கு எதன் மேல், எப்போது பூசப்பட்டது என்று ஒரு வரி கேட்டால் இத்தகைய பழுதுகளில் பாதி வாசலிலேயே தெரிந்துவிடும். ஏன் கேட்க மாட்டேன் என்கிறார்கள்?

இப்போது செய்ய வேண்டியது: தளர்ந்த கோடுகளை மரக்குச்சியால் மெதுவாக எடுத்துவிட்டு, அதே கோடுகளை எண்ணெய் வண்ணத்தில் இடுங்கள். ஒட்டிய தாளை உரிக்க முயலாதீர்கள். எண்ணெய் படாமல் வெறுமையாகத் தெரியும் தாளுக்கு மட்டும் முதலில் அக்ரிலிக் மீடியம் (நிறமி சேராத அக்ரிலிக் பூச்சு) பூசிக் காயவிட்டு, பிறகு வண்ணம் தீட்டுங்கள். வார்னிஷுக்கு ஆறு மாதமாவது, தடித்த பூச்சென்றால் ஓராண்டு, பொறுத்திருங்கள். மிகத் தடித்த இடத்தில் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழாத நாளில்தான் முகவருக்குத் தேதி சொல்ல வேண்டும்.