சாம்பல் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் ஓரம் படிக்கட்டாகிறதே, ஏன்?

சேலம் மாம்பழப் பெட்டிக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் ஃபிலிம் எடுக்க 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன், அதில் நேரடியாகத் த்ரெஷோல்டு (ஓர் எண்ணைவிடக் கருமையான பிக்சலைக் கறுப்பாகவும் மற்றதை வெள்ளையாகவும் மாற்றுவது) போட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான். கோடு எந்த இடத்தில் முடிகிறது என்ற நுணுக்கம் ஓரத்துச் சாம்பல் பிக்சல்களில்தான் இருக்கிறது. அதே அளவில் த்ரெஷோல்டு போட்டால் அந்த நுணுக்கம் போய்விடும்.

அதனால் முதலில் பெரிதாக்குங்கள். கிம்ப் (GIMP) என்ற பட மென்பொருளில் அளவு மாற்றும்போது க்யூபிக் முறையைத் தேர்ந்து 4 மடங்கு, அதாவது 1200 டிபிஐ. பிறகு காஸியன் ப்ளர் (படத்தை மங்கலாக்கும் வசதி) 2 முதல் 4 பிக்சல். அதன்பின் த்ரெஷோல்டு, 128-இல் தொடங்கி. மாம்பழக் காம்பு போன்ற மெல்லிய கோடு அறுந்தால் எண்ணைக் கூட்டுங்கள், கறுப்பு தடிக்கும். எழுத்தின் சுழி அடைத்தால் குறையுங்கள். ப்ளர் கூடினால் கூர்முனைகள் மழுங்கும்.

செல்போனில் எடுத்த படமென்றால் ஒரு பக்கம் நிழல் விழுந்திருக்கும், ஒரே எண் முழுப் படத்துக்கும் பொருந்தாது. படத்தை நகலெடுத்து, கோடுகளே மறையும் அளவு ப்ளர் செய்து, மேல் லேயராக (மேல் அடுக்காக) வைத்து, கீழ்ப் படத்தை மேல் படத்தால் வகுக்கும் டிவைட் மோடுக்கு மாற்றினால் பின்னணி சமமாகும். (ஸ்கேனர் கிடைத்தால் இந்த வேலையே வேண்டாம்.)

கடைசியில் படத்தை இண்டெக்ஸ்டு மோடுக்கு மாற்றி 1 பிட் (கறுப்பு, வெள்ளை மட்டும்), டிதரிங் (புள்ளி தூவிச் சாம்பல் போலக் காட்டுவது) இல்லாமல். ஜேபெக்கில் சேமித்தால் ஓரத்தில் சாம்பல் திரும்ப வந்துவிடும். டிஃப் அல்லது பிஎன்ஜி போதும்.