துக்கத்தில் இருப்பவருக்கு ஒரு கிறிஸ்தவர் எப்படி ஆறுதல் சொல்வது? வசனம் சொன்னால் இன்னும் உடைந்துபோகிறாரே?

வசனத்தில் குறை இல்லை. சொன்ன நேரம்தான் முந்திவிட்டது.

வேதத்தில் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசாமல். அதுவரை அவர்கள் செய்தது சரி. யோபு தன் வேதனையைக் கொட்டியதும் அதற்குக் காரணம் கண்டுபிடிக்க இறங்கினார்கள். ‘அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்’, அதாவது வேதனையைக் கூட்டும் ஆறுதல்காரர் என்று யோபுவிடமே பெயர் வாங்கினார்கள் (யோபு 16:2).

முதல் சந்திப்பில் எதிரே நின்று பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். “கேள்விப்பட்டதும் மனசு தாங்கல, வந்துட்டேன்.” இவ்வளவு போதும். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். அதைத் தவிர்த்தால், எல்லாரும் அதற்குள் மறந்துவிட்டார்கள் என்று தோன்றும். அழுகையை நிறுத்தப் பார்க்காதீர்கள். இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார்.

“ஆண்டவருக்கு அவர் தேவைப்பட்டார்”, “விசுவாசம் இருந்தா அழக்கூடாது” என்பவற்றை அடியோடு விட்டுவிடுங்கள். இரண்டாவது மிகவும் கொடியது. துக்கத்தோடு குற்ற உணர்ச்சியையும் ஏற்றிவிடும். 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐ இதற்குத் துணைக்கு அழைப்பார்கள். நம்பிக்கையற்றவர்களைப்போல துக்கிக்க வேண்டாம் என்றுதான் பவுல் எழுதினார், துக்கிக்கவே கூடாது என்று அல்ல. தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற ரோமர் 8:28 உண்மைதான். ஆனால் அடக்கம் முடிந்த அன்றே அதைச் சொன்னால் “உன் இழப்பு நல்லதுக்குத்தான்” என்றே காதில் விழும்.

ஜெபிக்கும் முன் “ஜெபிக்கட்டுமா?” என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் வீட்டில் போய் ஜெபியுங்கள். சரி என்றால் ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள்: “ஆண்டவரே, இவங்க வேதனை உமக்குத் தெரியும். இன்னைக்கு ராத்திரி தூங்கக் கிருபை தாரும்.” ஜெபத்துக்குள் பிரசங்கம் வேண்டாம்.

வேதம் வாசிக்க அவரே கேட்டால் சங்கீதம் 13 நல்லது. ஆறே வசனம்; முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை ‘எதுவரைக்கும்’ என்று தாவீது கேட்கிறார். கடைசி இரண்டு வசனங்களின் நம்பிக்கை துக்கத்தில் இருப்பவருக்கு இன்னும் வரவில்லை என்றால் சங்கீதம் 88 வாசியுங்கள். அது இருளிலேயே முடிகிறது. அப்படியும் ஒரு ஜெபம் வேதத்தில் இருக்கிறது என்பதே பலருக்குப் பெரிய ஆறுதல்.

“ஏதாவது வேணும்னா சொல்லுங்க” என்பது பெரும்பாலும் பயன்படாது. யோசித்து, கூச்சத்தை விட்டுக் கேட்கும் வேலை அவர் தலையில் விழுகிறது. “வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாடு கொண்டு வரேன்”, “நாளைக்குப் பிள்ளைகளை ஸ்கூல்ல நான் விடறேன்” என்று நாளும் வேலையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனம் உடைந்து சூரைச்செடியின் கீழ் படுத்திருந்த தீர்க்கதரிசி எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான், அதுவும் இரண்டு முறை; நடுவில் தூக்கம் (1 இராஜாக்கள் 19). கர்த்தர் பேசியது அதன் பிறகு.

முதல் இரண்டு வாரம் வீடு நிறைந்திருக்கும், பிறகு காலியாகிவிடும். ஒரு மாதம், மூன்று மாதம், இறந்தவரின் பிறந்தநாள், முதல் கிறிஸ்துமஸ் எல்லாவற்றையும் போன் காலண்டரில் இன்றே போட்டு வையுங்கள்.

எலியா “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்றபோது கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் அதிர்ச்சியைக் காட்டாதீர்கள், பாவம் என்று பயமுறுத்தாதீர்கள். “உயிரை விட்டுடணும்னு தோணுதா?” என்று நேராகக் கேளுங்கள். ஆமாம் என்றால் தனியாக விடாமல், கூடவே இருந்து, அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். போகும் வழியெல்லாம் ஜெபிக்கலாம்.