பாரிஸ் இருக்கட்டும், முதலில் ராட்டென் போய் வா

அக்டோபரில் ஜெர்மனிக்கு, சாக்ஸனி மாநிலத்துக்குப் படிக்க வந்திருக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தாள்: "அக்கா, விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டுவைத்த பிளாக்டு அக்கவுண்ட்டிலிருந்து மாதம் 992 யூரோ வருகிறது. வாடகை, இன்ஷூரன்ஸ், சாப்பாடு போக மிஞ்சுவது கொஞ்சம்தான். வகுப்பில் எல்லாரும் டிசம்பர் லீவுக்கு ஆளுக்கு 450 யூரோ போட்டுப் பாரிஸ், ஸ்விட்சர்லாந்து என்று கிளம்புகிறார்கள். வீட்டில் லோன் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள், எனக்கு மனசு வரவில்லை. அதே நேரம் இரண்டு வருஷமும் அறைக்குள்ளேயே இருந்துவிட்டுப் போய்விடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது. கையில் காசில்லாமல் ஊர் பார்க்க முடியுமா? தனியாகப் போகலாமா?"

முடியும்மா. தாராளமாகப் போகலாம். உன் கேள்வியைப் படித்ததும் என் பழைய அறைதான் நினைவுக்கு வந்தது. நான் 2014-ல் பவேரியாவுக்குப் படிக்க வந்தேன். அம்மாவின் வளையல்கள் வங்கியில் அடகில் இருந்தன. முதல் எட்டு மாதம் அறை, லேப், சூப்பர் மார்க்கெட் தவிர எங்கும் போகவில்லை. எந்த டிக்கெட்டைப் பார்த்தாலும் மனசுக்குள் ரூபாயில் பெருக்கிப் பார்ப்பேன், உடனே வட்டி ஞாபகம் வரும், போனை மூடிவிடுவேன். போகாதே என்று வீட்டில் யாரும் சொல்லவில்லை. ஒருநாள் அப்பா போனில், "அந்த ஊரெல்லாம் எப்படிம்மா இருக்கு?" என்று ஆசையாகக் கேட்டார். சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லை. "குளிருதுப்பா" என்றேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். 450 யூரோ சேர்த்து ஒரே மூச்சில் நாலு நாடு பார்ப்பதை இப்போதைக்கு மறந்துவிடு. உன் செமஸ்டர் ஃபீஸில் ஜெர்மனி முழுக்கச் செல்லும் டிக்கெட் சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார். பல பல்கலைகளில் 2024 கோடை செமஸ்டரிலிருந்து வந்துவிட்டது. இந்த டாய்ச்லாண்ட் டிக்கெட் 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது. தனியாக வாங்குகிறவர்கள் 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோ கொடுக்கிறார்கள். மாணவர்களுக்கான செமஸ்டர் டிக்கெட் அதில் 60 சதவீதம்தான், அதையும் நீ ஃபீஸோடு கட்டியாகிவிட்டது. ஆர்இ, ஆர்பி என்ற ரீஜனல் ரயில்கள், எஸ்-பான் என்ற புறநகர் ரயில், ஊ-பான் என்ற மெட்ரோ, டிராம், டவுன் பஸ் எல்லாவற்றிலும் இரண்டாம் வகுப்பில் ஏறலாம். ஐசிஇ, ஐசி போன்ற வேக ரயில்களிலும் தூரம் போகும் தனியார் பஸ்களிலும் செல்லாது.

என் காலத்தில் வார இறுதி டிக்கெட் ஒன்று இருந்தது. ஐந்து பேர் சேர்ந்தால்தான் மலிவு. ஐந்தாவது ஆளைத் தேடியே சனிக்கிழமை போய்விடும். உனக்கு அந்தக் கஷ்டம் இல்லை. ஒருத்தியாகக் கிளம்பலாம், பிடிக்காவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கித் திரும்பி வரலாம். ஒரு பைசா நஷ்டமில்லை. கையில் காசு குறைந்தவர்களுக்கு இதைவிடப் பெரிய சௌகரியம் கிடையாது.

நீ இருப்பது சாக்ஸனி என்பதால் ராட்டென் என்ற சின்ன ஊரில் தொடங்கு. டிரெஸ்டென் பெரிய நிலையத்தில் எஸ்1 ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் குரோர்ட் ராட்டென் வந்துவிடும். வழி நெடுக எல்பே ஆறு கூடவே வரும். இறங்கி ஐந்து நிமிஷம் நடந்தால் படகுத்துறை. அந்தப் படகைக் கொஞ்ச நேரம் நின்று பார். அதற்கு எஞ்சின் கிடையாது. ஆற்றின் மேற்புறத்தில் நங்கூரம் போட்ட நீளமான கம்பிவடத்தில் படகு கட்டியிருக்கிறது. படகோட்டி படகை லேசாகச் சாய்வாகத் திருப்பிவிடுவார். ஓடுகிற தண்ணீரே அதைத் தள்ளி அக்கரையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சத்தமே இருக்காது, தண்ணீர் பலகையில் மோதுவது மட்டும் கேட்கும். நான் முதல்முறை போனபோது இதைப் பார்க்கவே இரண்டு தடவை போய்த் திரும்பினேன்.

அக்கரையிலிருந்து பாஸ்டைப் பாறைகளுக்குப் படியேற்றம். மெதுவாக ஏறினாலும் முக்கால் மணி நேரம். மேலே 1851-ல் கட்டிய கல் பாலம், எல்பேயிலிருந்து 194 மீட்டர் வரை உயரும் மணற்பாறைத் தூண்களுக்கு நடுவே நிற்கிறது. பாலத்தில் நடக்கக் கட்டணம் இல்லை. நீ ஏறி வந்த படகு கீழே தீப்பெட்டி மாதிரித் தெரியும். சுற்றுலா பஸ்ஸில் வருகிறவர்கள் கால்மணி நேரம் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நீ அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து கட்டுச்சோறைப் பிரி.

கட்டுச்சோறு என்று சும்மா சொல்லவில்லை. இந்த நாட்டில் பயணத்தில் காசு கரைவது ரயிலில் அல்ல, நிலையத்தில் வாங்கும் காபியிலும் தண்ணீரிலும் ரொட்டியிலும்தான். புளிசாதம், எலுமிச்சை சாதம், தயிர்சாதம் எது முடிகிறதோ அதைக் கட்டிக்கொள். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம், பாட்டிலை வீட்டிலேயே நிரப்பிக்கொள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அநேகமாக எல்லாம் மூடியிருக்கும், வாங்க வேண்டியதைச் சனிக்கிழமையே வாங்கி வை. அப்படிக் கடை மூடிக் கிடக்கும் ஞாயிறுதான் உனக்கு ஊர் பார்க்கும் நாள். பகுதிநேர வேலை கிடைத்த பிறகும் மாதத்தில் ஒரு ஞாயிறை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. சட்டப்படி வருஷத்துக்கு 140 முழு நாள், இல்லை 280 அரை நாள்தான் நீ வேலை செய்யலாம். அதனால் எல்லா ஞாயிறையும் வேலைக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

டிசம்பரில் சூரியன் நான்கு மணிக்கே இறங்கிவிடும். மலையேற்றம் என்றால் காலை முதல் ரயிலில் போ. மாலைக்கு டிரெஸ்டெனில் ஸ்ட்ரீட்ஸல்மார்க்ட் இருக்கிறது, 1434-லிருந்து நடக்கிற கிறிஸ்துமஸ் சந்தை. வெறுமனே சுற்றிப் பார்க்கக் காசு வேண்டாம். சூடாக ஏதாவது குடித்தால் கோப்பைக்கும் சேர்த்து முன்பணம் வாங்குவார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்து அந்தக் காசை மறக்காமல் வாங்கிக்கொள்.

பெர்லினுக்கு ஒரு காலைப் பொழுதில் போய்ச் சேரலாம். அங்கே டூரிஸ்ட் பஸ்ஸில் ஏறாதே. 100-ம் எண் டவுன் பஸ்ஸின் மாடியில் முன்வரிசையில் உட்கார்ந்தால் முக்கியமான இடங்கள் பலவும் ஜன்னலோரம் வந்துபோகும், உன் டிக்கெட்டே போதும். நாடாளுமன்றக் கண்ணாடிக் கூரைக்கு ஏறுவது இலவசம். முன்கூட்டியே பதிவு செய்து பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். பெர்னாவர் தெருவில் பெர்லின் சுவர் நினைவிடத்துக்கும் கட்டணம் இல்லை. அங்கே அவசரப்படாமல் ஒரு மணி நேரமாவது இரு.

ரைன் ஆறு தூரம். சாக்ஸனியிலிருந்து ரீஜனல் ரயிலிலேயே போனால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். அதை செமஸ்டர் லீவுக்கு வைத்துக்கொள். போகும்போது மட்டும் வாரக்கணக்கில் முன்னதாகவே ஸூப்பர் ஸ்பார்பிரைஸ் என்ற மலிவு டிக்கெட் எடுத்து வேக ரயிலில் போய்விடு, மற்றதெல்லாம் உன் டிக்கெட்டில். கோப்லென்ஸில் ஆர்பி 26 ஏறி மைன்ஸ் நோக்கிப் போ, இடப்பக்க ஜன்னலில் உட்கார். பிங்கென் வரைக்கும் 65 கிலோமீட்டர் பள்ளத்தாக்கு 2002-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இரண்டு கரையிலும் மலைக்கு மலை கோட்டை. காவ்ப் ஊருக்கு நேரே ஆற்றின் நடுவில் கப்பல் மாதிரி ஒரு கோட்டை நிற்கும், போகிற படகுகளிடம் சுங்கம் வசூலித்த இடம் அது. போட்டோ எடுக்கிறேன் என்று அதைப் போன் வழியாகவே பார்த்துவிடாதே.

இரவு தங்க யூகெண்ட்ஹெர்பெர்கெ, அதாவது இளைஞர் விடுதி. அது தொடங்கின கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ரிச்சர்ட் ஷிர்மான் என்று ஒரு பள்ளி வாத்தியார். 1909-ல் பிள்ளைகளை நடைப்பயணமாகக் கூட்டிக்கொண்டு போனபோது பெருமழையில் மாட்டி, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் ராத்திரி ஒதுங்கினார். காசில்லாத பிள்ளைகளும் நாட்டைச் சுற்றிப் பார்க்க இப்படி ஊருக்கு ஊர் ஓர் இடம் வேண்டும் என்று அன்றைக்கு அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1912-ல் ஆல்டெனா கோட்டைக்குள் முதல் நிரந்தர விடுதி வந்தது. நம்மை மாதிரி ஆட்களை நினைத்துத்தான் அதைக் கட்டினார் என்று நான் நினைத்துக்கொள்வேன். வருஷச் சந்தா கட்டி உறுப்பினரானால் 27 வயதுக்குள் இருப்பவர்களுக்குச் சலுகை உண்டு. பெண்களுக்குத் தனி அறை கேட்டு வாங்கு, ஒரு பூட்டும் எடுத்துப் போ.

தனியாகப் போகலாமா என்று கேட்டாய். போகலாம், நானும் பாதி ஜெர்மனியைத் தனியாகத்தான் பார்த்தேன். கடைசி ரயிலை மட்டும் நம்பாதே. அதற்கு முந்தைய ரயிலில் திரும்பு. கடைசி ரயில் ரத்தானால் சின்ன ஊர் நிலையத்தில் ஒரு ஈ காக்கை இருக்காது. ரயில் 20 நிமிஷத்துக்கு மேல் தாமதமானால் வேக ரயிலில் இலவசமாக மாறிக்கொள்ளலாம் என்று யாராவது சொல்வார்கள். நம் டிக்கெட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. டிக்கெட் போனில் இருந்தால் பவர் பேங்க் கட்டாயம், கூடவே அடையாள அட்டையும். டிக்கெட் இல்லாமல் மாட்டினால் 60 யூரோ அபராதம்.

இன்னொன்று, ரயில் பாதியாகப் பிரியும். 2015 வசந்தத்தில் மூனிக்கிலிருந்து டேகர்ன்ஸீ ஏரிக்குக் கிளம்பினேன், என் முதல் தனிப் பயணம். அந்த ரயிலின் ஒரு பாதி ஷாஃப்ட்லாக் நிலையத்தில் பிரிந்து வேறு ஊருக்குப் போகும் என்று எனக்குத் தெரியாது. அறிவிப்பு வந்தது, எனக்குத்தான் ஜெர்மன் புரியவில்லை. ஏரி வரும் வரும் என்று பார்த்தால் ரயில் லெங்க்ரீஸில் போய் நின்றுவிட்டது. பிளாட்பாரத்தில் நின்று அழுகையே வந்தது. அப்புறம் ஒரு பாட்டி கைகாட்டிய பக்கம் நடந்தேன். இசார் ஆறு, முழங்கால் ஆழம்கூட இல்லை, அடியில் கிடக்கும் ஒவ்வொரு கூழாங்கல்லும் தெரிகிற பச்சைத் தண்ணீர். காலை விட்டதும் எலும்பு வரை குளிர் ஏறியது. அங்கேயே உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு அப்பாவுக்குப் போன் போட்டேன். அரைமணி நேரம் பேசினேன். டேகர்ன்ஸீக்கு அடுத்த மாதம்தான் போனேன். அறிவிப்பில் "கெடைல்ட்" (பிரிக்கப்படுகிறது) என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து, உன் பெட்டி எந்த ஊருக்கு என்று கதவருகே இருக்கும் பலகையைப் பார்.

இப்போது பாரிஸ். வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதலில் உன் காகிதங்களைப் பார். ஜெர்மன் விசா தேதி முடியாமல் இருந்தாலோ, ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டு கைக்கு வந்துவிட்டாலோ ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகள்) 180 நாளில் 90 நாள் வரை போகலாம். விசா முடிந்து, கார்டுக்கு அப்பாயிண்ட்மென்ட் கிடைக்காமல் இருக்கிறாய் என்றால் எல்லை தாண்டாதே. இடையில் தரும் தற்காலிகச் சான்றிதழில் இரண்டு மூன்று வகை உண்டு, எல்லாவற்றையும் வைத்துத் திரும்பி வர முடியாது. வெளிநாட்டவர் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனியின் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை இருக்கிறது, நடுராத்திரி பஸ்ஸை நிறுத்திப் பாஸ்போர்ட் கேட்பார்கள். லண்டன் ஷெங்கனில் சேராது, அதற்குத் தனி விசா. காகிதம் சரியாக இருந்து, அடுத்த கோடையில் நீ சம்பாதித்த காசும் இருந்தால், பாரிஸுக்கு மட்டும் நாலு நாள் போய் வா. ஆறு நாளில் மூன்று நாடு என்று ஓடினால் பஸ் ஸீட்தான் ஞாபகமிருக்கும்.

வீட்டில் மறைக்காதே. "டிக்கெட் ஃபீஸோடு கட்டினதும்மா, சாப்பாடு நானே கட்டிக்கொண்டு போனேன்" என்று சொல். அவர்கள் சந்தோஷப்படுவார்கள். என் அம்மா இன்றைக்கும் அந்த இசார் படத்தைத்தான் போனில் முகப்பில் வைத்திருக்கிறார்.

இந்தச் சனிக்கிழமை மழை இல்லையென்றால் கிளம்பிவிடு. படகுக்குக் கையில் சில்லறை வைத்துக்கொள். ஷூ வழுக்காததாக இருக்கட்டும், பாலத்துக்கு ஏறும் படிகள் டிசம்பரில் ஈரமாக இருக்கும்.