சைக்கிள் பயணத்துக்கு எந்த டென்ட்? எடையைக் கடைசியில் பாருங்கள்

தக்கலைப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "ஜனவரியில் கன்னியாகுமரியிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக ராமேஸ்வரம் வரை தனியாகச் சைக்கிளில் போகத் திட்டம். நண்பரிடம் இருக்கும் டென்ட் 3.2 கிலோ. ஒரு கிலோ எடையில் ஒற்றைத் துணி டென்ட் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். விலை கைக்கு மீறியது. கடன் வாங்கியாவது அதை வாங்கலாமா? என் உயரம் ஆறடி."

கடன் வாங்க வேண்டாம். காசு கையில் இருந்தாலும் அந்த டென்டை உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

முதலில் எடைக் கணக்கு. நீங்கள், சைக்கிள், துணிமணி, தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 100 கிலோ வரும். டென்டில் இரண்டு கிலோ குறைத்தால் மொத்தத்தில் நூற்றில் இரண்டு பங்கு குறையும். பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றங்களில் அது தொடையில் தெரியும். உங்கள் வழியோ கூடங்குளம், உவரி, மணப்பாடு, திருச்செந்தூர், தூத்துக்குடி என்று பெரும்பாலும் சமதரை. ஜனவரியில் அங்கே உங்களைத் திணறடிக்கப்போவது எதிரே வீசும் வாடையும் கொண்டலும்தான். எடை இரண்டு கிலோவை ஒட்டி இருந்தால் போதும்.

இரவு எங்கே படுப்பீர்கள் என்பதே பெரிய கேள்வி. வெளிநாட்டுக் காணொளிகளில் புல்வெளியில் டென்ட் அடிக்கிறார்கள். நம் பக்கத்தில் தனியாகப் போகிறவருக்கு இடம் கிடைப்பது கோயில் மண்டபத்திலும், சர்ச் வளாகத்திலும், பள்ளி வராண்டாவிலும், யாராவது மனமுவந்து திறந்துவிடும் மொட்டை மாடியிலும்தான். எல்லாம் சிமெண்ட் தரை. அதில் முளை இறங்காது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வகை டென்ட் பெரும்பாலும் முளையையும், மலையேறுவோர் ஊன்றிச் செல்லும் நடைத்தடியையும் நம்பி நிற்பது. சைக்கிள்காரரிடம் நடைத்தடி ஏது? இரண்டு கம்பிகள் குறுக்காக வளைந்து, தானாகவே நிற்கும் டென்டாகப் பாருங்கள். சிமெண்ட் தரையில் முன்வாசல் துணியை இழுத்துக் கட்ட ஒரு செங்கல்லோ, நிரம்பிய தண்ணீர் பாட்டிலோ போதும்.

அடுத்தது காற்றோட்டம். இதில் நான் பட்டிருக்கிறேன். திற்பரப்புக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில், உரிமையாளரின் அனுமதியோடு, ஒற்றைத் துணி டென்டில் ஓர் இரவு படுத்தேன். ஒரு சொட்டு மழை இல்லை. விடியும்போது போர்வை, பை, தலைமுடி எல்லாம் ஈரம். மூச்சிலும் வியர்வையிலும் வெளியேறும் ஈரம், குளிர்ந்த துணியில் பட்டு நீராகிச் சொட்டியிருக்கிறது. நம் ஊர்க் காற்றிலேயே ஈரம் அதிகம். துணியைத் தாண்டி அது வெளியேற வழி வேண்டும். ஆகவே உள்ளே கொசுவலையாலான அறை, அதன்மேல் தனியாக மழைத்துணி என்று இரண்டு அடுக்கு இருக்கட்டும். மழை இல்லாத இரவில் மேல்துணியைக் கழற்றி வைத்துவிட்டு வலைக்குள் மட்டும் படுக்கலாம். ஜனவரியில் பெரும்பாலான இரவுகளை அப்படித்தான் கழிப்பீர்கள்.

மழைத்துணியின் நீர் தாங்கும் அளவை மில்லிமீட்டரில் எழுதியிருப்பார்கள். எத்தனை உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் துணி கசியத் தொடங்கும் என்பதன் கணக்கு அது. மேல்துணிக்கு 1,500, அடித்துணிக்கு 3,000 இருந்தால் நிம்மதி. உடல் எடை அழுத்துவதால் அடியில்தான் ஈரம் முதலில் ஏறும். பனிக்காலத்துக்கும் ஏற்றது என்று விற்கும் கனத்த டென்ட் இங்கே வெந்நீர்ப் பானைதான்.

கம்பி அலுமினியமாக இருக்கட்டும். கண்ணாடியிழைக் கம்பி விலை குறைவு, ஆனால் கனம். பிளந்தால் சிராய் சிராயாகக் கையில் ஏறும். ஆனி, ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிப் பக்கம் டென்ட் அடித்துப் பார்த்தவர்களுக்கு நல்ல கம்பியின் அருமை தெரியும். மடித்த கம்பியின் நீளத்தையும் கேளுங்கள். வழக்கமாக 40 முதல் 45 சென்டிமீட்டர் இருக்கும். வளைந்த ஹேண்டில்பாருக்கு நடுவே அது இடிக்கும்; பின் கேரியரில் நீளவாக்கில் கட்டினால் சிக்கல் இல்லை. தூக்கிப் போட்டால் தானே விரியும் டென்ட் வட்டத் தட்டாகத்தான் மடியும். சைக்கிளுக்கு அது ஆகவே ஆகாது.

உங்கள் ஆறடிக்கு உள்நீளம் குறைந்தது 215 சென்டிமீட்டர் வேண்டும். இரு முனையிலும் துணி சரிந்து வருவதால் கால்விரல் அதில் முட்டும். இருவருக்கானது என்று எழுதியிருப்பதை ஒருவருக்கும் அவர் பைகளுக்குமானது என்று வாசியுங்கள். கடையில் விரித்துக் காட்டச் சொல்லி உள்ளே படுத்துப் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

மணலில் சாதாரண முளை நிற்காது. திருச்செந்தூரை ஒட்டிய செம்மணல் தேரியிலும் அப்படித்தான். ஒரு சாண் தென்னை மட்டைத் துண்டின் நடுவில் கயிற்றைக் கட்டி, படுக்கைவாட்டில் ஓரடி ஆழத்தில் புதைத்து மிதித்துவிடுங்கள். கடல்காற்றுக்கும் அசையாது. மட்டை எடுத்த தென்னைக்குக் கீழே மட்டும் டென்ட் அடிக்காதீர்கள். நள்ளிரவில் விழும் தேங்காயை எந்தத் துணியும் தடுக்காது. வள்ளங்கள் கரையேறும் இடத்தையும் விட்டுத் தள்ளியே படுங்கள். மீனவர்கள் விடியுமுன் தொழிலுக்கு இறங்குவார்கள். ஊர்க்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டால் நல்ல இடம் அவர்களே காட்டுவார்கள்.

ரப்பர் ஷீட்டைக் காயாமல் அடுக்கினால் பூசணம் பிடிக்கும் என்று நம் குமரி மாவட்டத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. டென்டும் அப்படியே. ஈரத்தோடு சுருட்டி வைத்தால் உட்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். ஊர் திரும்பியதும் நல்ல தண்ணீரில் உப்புப் போக அலசி, ஜிப்பைத் துடைத்து, நிழலில் உலர்த்துங்கள். கடும் வெயிலில் நாள்கணக்கில் கிடந்தால் நைலான் இற்றுப்போகும்.

புதிது வாங்கப் பணம் சேராவிட்டால் நண்பரின் 3.2 கிலோ டென்டையே எடுத்துச் செல்லலாம், அது இரண்டடுக்காகவும் தானே நிற்பதாகவும் இருந்தால். எதுவானாலும் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு வீட்டு மொட்டை மாடியில் ஓர் இரவு அதில் படுங்கள். வீட்டில் யாரையாவது இரண்டு குடம் தண்ணீரை மேலே ஊற்றச் சொல்லி, எந்தத் தையலில் சொட்டுகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அந்த இடத்தில் தையல் பசை தடவி, ஒரு பகல் முழுக்கக் காயவிட்டால் போதும்.