அமெரிக்காவில் நகராட்சி இல்லாத சிற்றூரின் மக்கள்தொகை ஏன் ஆளுக்கொரு எண்ணாக இருக்கிறது? சரியான எண்ணை எங்கே எடுப்பது?

வயோமிங் மாநிலத்து புஃபோர்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஷையனுக்கும் லாரமிக்கும் நடுவே, ஐ-80 நெடுஞ்சாலையோரம், 'மக்கள்தொகை 1, உயரம் 8000 அடி' என்று பலகை நின்ற இடம். 2012 ஏப்ரலில் இந்த 'ஊர்' 9 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. கைமாறியது ஏறக்குறைய 10 ஏக்கர் மனை: பெட்ரோல் பங்க்கோடு சேர்ந்த கடை, ஒரு வீடு, சில பழைய கட்டடங்கள். பலகையிலிருந்த 1 அந்த மனையில் குடியிருந்தவரின் கணக்கு மட்டும்தான்.

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 'அன்இன்கார்ப்பரேட்டட்', அதாவது நகராட்சியாகப் பதிவாகாத ஊருக்கு மேயர், நகர்மன்றம் எதுவும் கிடையாது. சாலை, ஷெரிஃப் (காவல்), சொத்துவரி எல்லாம் கவுண்டி, அதாவது மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு, பார்த்துக்கொள்ளும். நகராட்சி இல்லாததால் சட்டப்படியான நகர எல்லையும் இல்லை. எல்லை இல்லாத இடத்தில் தலை எண்ண முடியாது. ஆகவே யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அவர் எந்தக் கோட்டுக்குள் எண்ணினார் என்று முதலில் கேளுங்கள். (இப்படிப்பட்ட ஊர் என்றாலே சிறியது என்றும் நினைக்க வேண்டாம். லாஸ் வேகஸின் புகழ்பெற்ற சூதாட்ட விடுதி வரிசையில் பெரும்பகுதி இருப்பது நகராட்சி இல்லாத பாரடைஸில். 2020இல் அங்கே 1,91,238 பேர்.)

எண்ணை எடுக்க அமெரிக்க சென்சஸ் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) துறையின் டேட்டா.சென்சஸ்.கவ் (data.census.gov) தளத்தில் ஊர்ப் பெயரைத் தேடுங்கள். பெயருக்குப் பின்னால் 'சிடிபி' (CDP) என்று வந்தால் வேலை சுலபம். புள்ளிவிவரத்துக்காக மட்டும் சென்சஸ் துறை எல்லை கட்டிய இடம் அது. 2000 முதல் இதற்குக் குறைந்தபட்ச மக்கள்தொகை என்று எதுவும் இல்லை. 2020 கணக்கெடுப்பின் மக்கள்தொகை அட்டவணையான பி1ஐ (P1) திறந்தால் ஏப்ரல் 1 நிலவரம் கிடைக்கும். 2010 எண்ணோடு ஒப்பிடும் முன் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊர் வளராமல், கோடு மட்டும் நகர்ந்திருக்கலாம்.

ஏசிஎஸ் (ACS) என்ற மாதிரிக் கணக்கெடுப்பின் எண்ணைச் சிற்றூருக்கு நம்ப வேண்டாம். சில வீடுகளை மட்டும் கேட்டு எடுப்பது அது. நூறு பேர் ஊரில் பிழை வரம்பே அந்த எண்ணில் பாதியைத் தாண்டிவிடலாம்.

சிடிபி இல்லாவிட்டால்தான் உண்மையான உழைப்பு. ஊர் இருக்கும் இடத்தின் சென்சஸ் பிளாக்குகளை, அதாவது சென்சஸ் எண்ணிக்கை தரும் மிகச் சிறிய நிலத்துண்டுகளை, வரைபடத்தில் தேர்ந்தெடுத்துக் கூட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் 15 இலக்க எண் உண்டு: மாநிலத்துக்கு 2, கவுண்டிக்கு 3, டிராக்ட்டுக்கு (பல பிளாக்குகள் அடங்கிய பகுதி) 6, பிளாக்குக்கு 4. நாட்டுப்புறத்தில் ஒரே பிளாக் பல சதுர மைல் விரிந்திருக்கும். ஊர் அதன் ஒரு மூலையில் இருந்தால், தொலைவிலுள்ள பண்ணை வீடுகளும் கணக்கில் ஏறிவிடும். செயற்கைக்கோள் படத்தில் கூரைகளைப் பார்த்து எவை ஊரைச் சேர்ந்தவை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

2020 எண்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. தனிநபரை அடையாளம் காண முடியாதபடி சென்சஸ் துறை வேண்டுமென்றே எண்களைச் சற்றுக் கலைத்தே வெளியிட்டது. நெப்ராஸ்கா மாநிலத்து மொனோவை, மேலே சொன்ன ஊர்கள் போலன்றி, எல்லையோடு முறையாகப் பதிவான கிராமம். ஒரே ஒரு மூதாட்டி வாழ்ந்த அந்த ஊருக்கு 2020இல் 2 என்று வந்தது அதனால்தான். மாநில மொத்தத்தில் இந்தக் கலைப்பு கிடையாது. சிறிய இடங்களில்தான் உறைக்கும், ஒற்றை பிளாக்கில் மிக அதிகமாக. அதனால் ஒரு பிளாக்கின் எண்ணைத் தனியாக எடுத்துப் பேசவே கூடாது, பலவற்றைக் கூட்டினால் பிழை அடங்கும்.

இங்கே கைகொடுப்பது வீடுகளின் கணக்கைத் தரும் எச்1 (H1) அட்டவணை. பிளாக்கில் மொத்தம் எத்தனை வீடுகள் என்ற எண்ணைக் கலைக்கவில்லை. அதில் எத்தனை பூட்டிக் கிடக்கின்றன என்பது மட்டும் கலைக்கப்பட்டது. ஆட்கள் இருபது, குடியிருக்கும் வீடு பூஜ்யம் என்று எங்காவது கண்டால், மொத்த வீட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டு அக்கம்பக்கத்து பிளாக்குகளையும் சேர்த்துக் கூட்டுங்கள்.