வாடகைக்கு இருந்தவரின் வீடு

அன்புள்ள ஐயா,

போன வாரம் திருவல்லிக்கேணியில் பாரதியார் இல்லத்துக்குப் போயிருந்தேன். ஏமாற்றம்தான். பெரும்பாலும் படங்கள். அவர் உட்கார்ந்த நாற்காலி, எழுதிய மேஜை என்று எதுவும் கண்ணில் படவில்லை. கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டேன். ரஷ்யாவில் டால்ஸ்டாய் வீட்டை அவர் விட்டுப்போனபடியே வைத்திருக்கிறார்களாம். காணி நிலம் கேட்ட கவிஞனுக்கு நாம் செய்தது இவ்வளவுதானா? இந்த மாதிரி வீடுகளுக்குப் போவதால் வாசகனுக்கு என்ன கிடைக்கிறது?

த.

அன்புள்ள த.,

காணி நிலத்தை விட்டுவிடுங்கள். பாரதி வீட்டைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் முதலில் எடுப்பது அதைத்தான்.

யாஸ்னயா பொல்யானா டால்ஸ்டாயின் தாய்வழிச் சொத்து. அவர் பிறந்த தோல் சோபாகூட இன்னும் அங்கே இருக்கிறது. 1910இல் அவர் இறந்த பிறகும் மனைவி சோபியா அந்த அறைகளைக் கலைக்காமல் பார்த்துக்கொண்டார். பிரபு வீட்டில் சாமான் தங்கும். பாரதி வாடகைக்கு இருந்தவர். துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் அவர் இறந்தது 1921 செப்டம்பரில். அரசு அந்த வீட்டை நினைவு இல்லமாக்கியது 1993இல். நடுவில் எழுபது வருஷம் ஒரு வீடு சும்மா இருக்குமா? அங்கே போய் நாற்காலியைத் தேடுகிறீர்களே! பழைய மரச்சாமான் கடையில் ஒன்றை வாங்கிப் போட்டு, ‘பாரதி அமர்ந்தது’ என்று அட்டை மாட்டியிருந்தால் திருப்தியோடு திரும்பியிருப்பீர்கள், இல்லையா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் வாடகை வீடுகளில் வளர்ந்தவன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது வீட்டுக்காரர் உத்தரவு. எங்கள் காலண்டர் ஜன்னல் கம்பியில்தான் தொங்கும். காலி செய்யும்போது அம்மா வீடு முழுக்கக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுப்பார். நாங்கள் இருந்த சுவடே இருக்காது. அதனால் அந்த இல்லத்தில் நாற்காலி இல்லாதது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

என் குறை வேறு. புதுச்சேரியில் பாரதி குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரைப் பற்றி, பாரதியோடு அங்கே பழகிய எழுத்தாளர் வ.ரா. எழுதியிருக்கிறார். விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்பது அவருடைய பட்டப்பெயர். வாடகை கேட்க வருவார். பாரதி பாடிக்கொண்டிருப்பார். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வந்த விஷயத்தைப் பேசாமலே போய்விடுவார். இது சின்ன விஷயமா? 1908இல் பாரதி புதுச்சேரிக்குப் போகிறார். ‘இந்தியா’ பத்திரிகை பிரிட்டிஷ் எல்லைக்குள் வரத் தடை. 1910இல் பத்திரிகையே நின்றுபோகிறது. கையில் காசில்லை, போகிற இடமெல்லாம் ரகசியப் போலீஸ். இப்படிப்பட்ட ஆளுக்கு எந்த வீட்டுக்காரர் வீடு விடுவார்? விட்டாலும், பாக்கியை எத்தனை மாதம் பொறுப்பார்? கண்ணன் பாட்டு, குயில் பாட்டு, பாஞ்சாலி சபதம் எல்லாம் அந்தப் புதுச்சேரி வருஷங்களில் வந்தவை. அந்த நாட்களில் ‘சாமானை எடுத்து வெளியே வை’ என்று ஒருவர் சொல்லாமல் இருந்திருக்கிறார். பாரதி பெயரில் எங்கே நினைவு இல்லம் இருந்தாலும், தலைவர்கள் படங்கள் பாட்டுக்கு இருக்கட்டும், ஒரு சுவரைச் செட்டியாருக்குக் கொடுங்கள் என்கிறேன். கூட்டங்களில் இதைச் சொன்னால் பட்டப்பெயரைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அதற்கு மேல் யாருக்கும் காது கேட்பதில்லை. புரவலர் என்றால் நமக்கு ஜமீன்தாராவது இருக்க வேண்டும், பொற்கிழியாவது கொடுத்திருக்க வேண்டும். வாடகை பாக்கியைக் கேட்காமல் போனவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை.

செல்லம்மாவைப் பற்றி ஆரம்பித்தால் இன்று முடியாது. அது இன்னொரு நாள்.

உங்களுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். கால் மணி நேரத்துக்கு உரியது கிடைத்திருக்கும். அடுத்து புதுச்சேரிக்குப் போங்கள், பாரதி குடியிருந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவுக்கு. அதற்கு முன் வ.ரா.வின் ‘மகாகவி பாரதியார்’ படித்துவிடுங்கள். சின்னப் புத்தகம்தான், சாக்குச் சொல்ல முடியாது. படித்த பிறகு செட்டியார் வருகிற பக்கங்களைப் பற்றி மட்டும் எனக்கு எழுதுங்கள்.