லாண்ட்மாஸ்டர் பெட்டிக்கு இரண்டாவது ஆயுள்

பரந்தன் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “லாண்ட்மாஸ்டருக்கு (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) பின்னால் இழுத்துச் செல்லும் பெட்டி செய்து விற்கிறேன். சில வருடத்தில் உக்கிப்போய்ப் பழைய இரும்புக்குப் போய்விடுகிறது. அதைத் திரும்ப வாங்கி, புதிதாக்கி விற்கலாமா? பெட்டியை எப்படி மாற்றிச் செய்யவேண்டும்?”

விற்கலாம். ஆனால் புதுப் பெட்டிக்கு இரும்பு வெட்டும்போதே அதை யோசித்திருக்கவேண்டும்.

உடைந்த இடத்தை மட்டும் பார்ப்பது திருத்தவேலை. முழுவதையும் கழற்றி, கழுவி, அளந்து, தேய்ந்ததை மாற்றி, புதியதற்குக் கொடுக்கும் அதே உத்தரவாதத்தோடு விற்பதுதான் மறுஉற்பத்தி. பிரான்சில் ரெனோ நிறுவனம் 1949 இலேயே கார் என்ஜின்களில் இதைத் தொடங்கிவிட்டது. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய வன்னியில் திருத்தத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. கழற்றவே முடியாதபடி எல்லாவற்றையும் வெல்ட் வைத்து மூடிவிடுவதுதான் நம் பட்டறைகளின் குறை.

லாண்ட்மாஸ்டர் என்ஜினையே பாருங்கள். பிஸ்டன், லைனர் என்ற கழற்றக்கூடிய உருளைக்குள் ஓடுகிறது. லைனர் தேய்ந்தால் இழுத்தெடுத்துவிட்டுப் புதிதை இறக்குகிறோம். விலை கூடிய என்ஜின் உடல் அப்படியே இருக்கிறது. தேய்மானம் எங்கே வரும் என்று முன்கூட்டியே யோசித்து, அதை மலிவான, கழற்றக்கூடிய ஒரு துண்டின் தலையில் கட்டியிருக்கிறார்கள். உங்கள் பெட்டிக்கும் இதுதான் வழி.

முதலில் கொக்கித் துளை. அதில் மாட்டும் பின் (இரும்பு ஆணி) ஆடி ஆடித் துளை முட்டை வடிவமாகிவிடும். அப்புறம் வெல்ட் வைத்து நிரப்பி மறுபடி துளைப்போம். அதற்குப் பதிலாகத் துளைக்குள் ஒரு புஷ்ஷை (சிறு குழாய்த் துண்டு) இறுக்கமாக இறக்குங்கள். பின்னைவிட மென்மையான இரும்பாக இருக்கட்டும், அப்போது தேய்வது புஷ்தான். வெல்ட் வேண்டாம், அடித்து எடுக்கிற மாதிரி விடுங்கள். அச்சையும் சட்டத்தோடு ஒட்டாமல் யூ-போல்ட்டால் பிடியுங்கள். சில்லுக்கான பேரிங், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கேட்டவுடன் கிடைக்கும் இலக்கமாக இருக்கவேண்டும். அதற்கேற்ப ஹப்பைக் கடையுங்கள்.

அடித்தகடுதான் பெரிய தலையிடி. உரமூட்டையிலிருந்து சிந்தும் யூரியாவும் எம்ஓபி என்ற பொட்டாஷ் உரமும் ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்னும். சேறு தங்கும் மூலைகள் முதலில் போகும். ஒரே தகடாக ஒட்டாமல் மூன்று துண்டாகப் போட்டு போல்ட்டால் முடுக்குங்கள். மூலைகளில் தண்ணீர் வடிய ஓட்டை வையுங்கள். சட்டத்துக்குப் போடும் சதுரக் குழாய்களின் இரு முனையையும் முற்றாக அடைக்கவேண்டும். அரைகுறையாக அடைத்தால் உள்ளே தண்ணீர் நின்று, வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே குழாய் உக்கிவிடும்.

போல்ட் எல்லாம் இரு பக்கமும் வெளியே தெரியும்படி ஊடுருவிப் போகட்டும். துருப்பிடித்து இறுகினாலும் கிரைண்டரால் வெட்டி எறியலாம், சட்டத்துக்குச் சேதமில்லை. சட்டத்துக்குள்ளேயே மரை வெட்டி முடுக்கிய போல்ட் முறிந்தால் அரைநாள் வேலை போகும். முடிந்தவரை ஒரே அளவு போல்ட்டைப் பாவியுங்கள். கழற்றுகிறவருக்கு ஒரு ஸ்பேனர் போதும்.

திரும்பி வந்த பெட்டியின் பெயின்ட்டைச் சுரண்டாமல் எதையும் முடிவுசெய்யாதீர்கள். இழுவைத் தண்டின் வெல்ட் ஓரங்களில் மண்ணெண்ணெய் பூசி, சற்று ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சோக்குத் தூளைத் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் ஒரு கோடாகத் தெரியும். வெடித்த தண்டை மறுபடி பாவிக்கவே கூடாது, பழைய இரும்புக்கே கொடுங்கள். அந்தப் பெட்டியில் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஏ9 வீதியில் போகிறார்கள். பழைய பேரிங், தேய்ந்த பின், கொக்கியைப் பிடிக்கும் போல்ட் எல்லாம் கட்டாயம் புதிதாக வேண்டும்.

சரி, பெட்டி உங்களிடம் ஏன் திரும்பி வரவேண்டும்? விற்கும்போதே சட்டத்தில் இலக்கமும் வருடமும் கொத்துங்கள். திருப்பித் தந்தால் இவ்வளவு தருவேன் என்று ரசீதில் எழுதிக் கொடுங்கள். அது பழைய இரும்புக்காரர் தரும் விலையைவிடக் கூடவாக இருக்கவேண்டும். வாங்குவதற்குத் தோதான நேரம் காலபோக அறுவடை முடிந்து நெல் ஏற்றி இறக்கிய பிறகு. கமக்காரர் கையில் காசும் இருக்கும், பெட்டியும் சும்மா நிற்கும்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றவேண்டாம். அடுத்த பெட்டியில் புஷ்ஷையும் யூ-போல்ட்டையும் போட்டு, ஒரு போகம் ஓடவிட்டுப் பாருங்கள். அடித்தகட்டை அதற்குப் பிறகு மாற்றலாம்.